வழி சொல்லும் கைப்பேசி

பத்துப்பாட்டில் உள்ள பத்து நூல்களுள் ஐந்து, ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. 'ஆறு' என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் ஓர் எண்ணையும் குறிப்பதோடு, வழி என்னும் பொருளையும் தரும். ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிகூறி அனுப்புதல். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞருக்குத் தாம் சென்ற வழியை எடுத்துரைப்பதாக இந்நூல்களுள் பெரும்பாலானவை அமைந்துள்ளன. அவற்றுள் மலைபடுகடாம் வழியை மிக நுட்பமாகச் சொல்கிறது. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், பாசி படர்ந்து வழுக்கும் இடங்கள், ஊர்தோறும் கிடைக்கும் உணவு ஆகிய எதையும் அது விட்டுவைக்கவில்லை. அந்த வழிகாட்டி இவ்வளவும் அறிந்திருந்ததற்குக் காரணம் எளிது. அவர் அந்த வழியில் நடந்து வந்தவர்.

இன்று அந்தப் பணியைத் திறன்பேசி செய்கிறது. திறன்பேசி எந்த வழியிலும் நடந்து சென்றதில்லை. எனினும் "இன்னும் இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்புக" என்று உறுதியாகச் சொல்கிறது. அந்தச் செய்தி அதற்கு எங்கிருந்து வந்தது? தனியாகப் பயணம் செய்பவர் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால், எந்தச் செயலியை எப்போது நம்பலாம், எது எங்கே கைவிடும் என்பதை முன்கூட்டியே அறியலாம். ('செயலி' என்பது 'செயல்' என்னும் சொல்லிலிருந்து அமைந்தது. கணிப்பொறித் துறையில் புதிதாகப் படைக்கப்பட்ட தமிழ்ச் சொற்களுள் மக்கள் வழக்கில் நிலைத்துவிட்ட சிலவற்றுள் இதுவும் ஒன்று.)

டில்லியில் வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, திருச்சிராப்பள்ளியில் உள்ள கல்லூரியில் சேர முதன்முறையாகத் தனியே புறப்படும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவள் புதுடில்லியில் தமிழ்நாடு விரைவு வண்டியில் இரவு ஏறுகிறாள். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், இட்டார்சி, நாகபுரி, பல்லார்ஷா, வாரங்கல், விஜயவாடா எனச் செல்லும் அந்த வண்டி, ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் ஓடி, இரண்டு இரவுகள் கழிந்தபின் காலையில் சென்னையை அடைகிறது. வழியில் இந்தி, மராத்தி, தெலுங்கு, தமிழ் என நான்கு மொழிகளின் நிலங்கள் வருகின்றன. பெற்றோர் உடன் இல்லை. கையில் ஒரு திறன்பேசி இருக்கிறது.

முதலில் பயணச்சீட்டு. இந்திய இரயில்வேயின் முன்பதிவுச் சீட்டை இணையவழியே பெறும் வசதி 2002ஆம் ஆண்டு தொடங்கியது. இன்று ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனத்தின் செயலியிலும், 2025 ஜூலை 1 அன்று அறிமுகமான ரெயில்ஒன் செயலியிலும் முன்பதிவு செய்யலாம். பதிவு செய்ததும் பி.என்.ஆர். எனப்படும் பத்திலக்க எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணைக் கொண்டு, இடம் உறுதியாயிற்றா, காத்திருப்போர் பட்டியலில் உள்ளதா என்பதை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பலர் தவறிவிடும் இடம் இங்குதான் உள்ளது. இணையவழிப் பெற்ற சீட்டில் உள்ள அனைவரும் காத்திருப்போர் பட்டியலிலேயே இருக்க, வண்டியின் பயணியர் பட்டியல் இறுதியாகிவிட்டால், அந்தச் சீட்டு தானாகவே நீக்கப்பட்டுப் பணம் திரும்பிவிடும். அதன்பின் அதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறுவது சீட்டின்றி ஏறுவதற்கு ஒப்பாகும். ஆகவே, வீட்டை விட்டுப் புறப்படுமுன் பி.என்.ஆர். நிலையை மீண்டும் ஒருமுறை பார்ப்பது இன்றியமையாதது. ஆர்.ஏ.சி. என்று காட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. அமர்ந்து செல்லும் இடமாவது உண்டு. படுக்கை பின்னர் கிடைக்கவும் கூடும்.

முன்பதிவுச் சீட்டு உள்ளவரின் பெயர் பயணச்சீட்டுப் பரிசோதகரின் பட்டியலில் இருக்கும். அவர் கேட்பது அடையாளச் சான்று. அங்கீகாரம் பெற்ற பள்ளியோ கல்லூரியோ வழங்கிய, ஒளிப்படம் உள்ள மாணவர் அடையாள அட்டையும் அதற்குப் போதுமானது. இது மாணவர் பலருக்குத் தெரிவதில்லை. ஆதார் அட்டையைக் கைப்பேசியில் காட்ட விரும்பினால், 2015இல் இந்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கர் செயலியில் காட்டலாம். ஆனால், அரசுத் துறையே அதில் வழங்கிய ஆவணம்தான் செல்லும். அட்டையை நாமே படம் எடுத்து ஏற்றி வைத்திருந்தால் அதனைச் சான்றாக ஏற்கமாட்டார்கள்.

முன்பதிவில்லாச் சீட்டின் கதை வேறு. அதனையும் செயலியில் பெறலாம். வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அங்கே பரிசோதகரிடம் பெயர்ப்பட்டியல் எதுவும் இல்லை; செயலியில் தெரியும் சீட்டு ஒன்றே சான்று. மின்கலம் தீர்ந்து திரை அணைந்துவிட்டால் சீட்டும் இல்லாமற் போகும். திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்வதும் செல்லாது. மேலும், வண்டியில் ஏறியபின் அந்தச் சீட்டை எடுக்க இயலாது. கைப்பேசி எங்கே இருக்கிறது என்பதைச் செயலி கண்டறிந்து, இருப்புப்பாதைக்கு மிக அருகில் இருந்தால் மறுத்துவிடும். பரிசோதகரைக் கண்டதும் அவசரமாகச் சீட்டெடுப்போரைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

கைப்பேசி தான் இருக்கும் இடத்தை எவ்வாறு அறிகிறது? பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இவ்வளவு" என்பதை அவை இடைவிடாமல் வானொலி அலைகளாக அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த அலை நம்மை வந்தடைய ஒரு நொடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். எந்தக் கோளிலிருந்து வந்த அலை எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்று கணக்கிட்டு, ஒவ்வொரு கோளும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கைப்பேசி அறிகிறது. இடத்தைக் கண்டறிய மூன்று கோள்கள் போதும் என்று தோன்றும். கைப்பேசியின் கடிகாரமோ மலிவானது. ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை வந்துவிடும். அந்தப் பிழையைத் திருத்த நான்காவது கோள் ஒன்று தேவைப்படுகிறது.

ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், சீனா ஆகியவற்றுக்கும் இத்தகைய கோள் அமைப்புகள் உள்ளன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2013 முதல் ஏவிய கோள்களைக் கொண்ட அமைப்புக்கு நாவிக் என்று பெயர். அது இந்தியாவையும், அதன் எல்லையைச் சுற்றி 1,500 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியையும் கருத்தில்கொண்டு உருவாக்கப்பட்டது. 'நாவிக்' என்பது வடமொழியிலும் இந்தியிலும் மாலுமியைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டுகிறது. மரக்கலத்தைக் குறிக்கும் 'நாவாய்' தமிழில் உண்டு.

இதில் பயணி மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கைப்பேசி இந்த அலைகளைப் பெறுகிறதே தவிர, கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. எனவே இருப்பிடம் அறிய இணையம் தேவையில்லை. விமானப் பயண நிலையில் வைத்திருந்தாலும் பல கைப்பேசிகள் இருப்பிடத்தைக் காட்டும். வானம் தெரிந்தால் போதும். இரும்புப் பெட்டியின் நடுப்படுக்கையில் படுத்துக்கொண்டு பார்த்தால் இடம் தெரியாமற் போவதற்கும், சன்னலோரம் வந்ததும் தெரிவதற்கும் இதுவே காரணம்.

ஆயினும் இருப்பிடம் வேறு, நிலப்படம் வேறு. செயற்கைக்கோள் தருவது வெறும் எண்களே. அந்த எண்கள் எந்தத் தெருவைக் குறிக்கின்றன என்பதை நிலப்படம்தான் சொல்லும். அந்தப் படம் இணையத்தின் வழியாக வருகிறது. இணையம் இல்லாத இடத்தில் சாம்பல் நிறத் திரையின் நடுவே நீலப் புள்ளி ஒன்று மட்டும் தெரியும். கூகுள் மேப்ஸ் செயலியில், செல்லவிருக்கும் பகுதியின் படத்தை வீட்டிலிருந்தே பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பதிவிறக்கிய படம் வண்டி ஓட்டும் வழியைக் காட்டும். நடந்து செல்லும் வழியையும், பேருந்து நேரங்களையும் காட்டாது. நடைவழியும் வேண்டுவோர்க்கு ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மண்ட் ஆகிய செயலிகள் ஏற்றவை. இவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது நிலப்படத்தைப் பயன்படுத்துகின்றன. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய அந்தப் படத்தைத் தன்னார்வலர்கள் வரைந்து வருகிறார்கள். ஊரில் உள்ள குளத்தையோ சந்தையையோ யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம். ஆற்றுப்படைக் கலைஞரைப் போல, அந்த இடத்தில் நடந்தவர் சொல்லும் செய்தி அதில் கலந்திருக்கிறது. ஆர்வலர் நிறைந்த நகரத்தில் சந்துகள் வரை தெரியும். எவரும் வரையாத சிற்றூரில் ஒரு கோடு மட்டுமே இருக்கும்.

படம் பழையதாக இருந்தால் என்ன நேரும் என்பதற்குத் துயரமான சான்று ஒன்று உண்டு. 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, இராமகங்கை ஆற்றுப் பாலத்திலிருந்து மகிழுந்து விழுந்து மூவர் உயிரிழந்தனர். பாலத்தின் ஒரு பகுதி முந்தைய வெள்ளத்தில் இடிந்திருந்தது. வழிகாட்டும் செயலி காட்டிய பாதையை நம்பி அவர்கள் சென்றதாகச் செய்திகள் வெளிவந்தன. பாலத்தின் முகப்பில் தடுப்பு வைக்காதவர்களின் பொறுப்பும் அதில் உண்டு. இருப்பினும், இருட்டில் திரையை மட்டும் பார்த்துச் செல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிவிட்டது. ஆள் நடமாட்டமில்லாத குறுக்குவழியைச் செயலி காட்டினால், ஐந்து நிமிடம் கூடுதலானாலும் பெரிய சாலையிலேயே செல்வது நல்லது. நேரம் குறையும் வழியைத்தான் அது தேடித் தருகிறது. அந்த வழியில் விளக்கு எரிகிறதா என்பது அதற்குப் பெரும்பாலும் தெரியாது.

மாணவியின் வண்டி இப்போது போபாலைக் கடந்துவிட்டது. வண்டி எங்கே செல்கிறது என்பதை அறிய மூன்று வழிகள் உண்டு. சன்னலோரச் செயற்கைக்கோள் அலையால் அறிவது ஒன்று. இரண்டாவது, இரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலி. இதற்கு நிலையங்களிலிருந்தும் இயந்திரத்திலிருந்தும் செய்தி வருகிறது. பல மின் இயந்திரங்களில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் துணையோடு அமைத்த கருவி உள்ளது. அது 30 நொடிக்கு ஒருமுறை இருப்பிடத்தைத் தெரிவிக்கிறது. அதனைப் பார்க்க நமக்கு இணையம் வேண்டும். மூன்றாவது வழி, 'வேர் இஸ் மை டிரெயின்' என்னும் செயலி. பெங்களூரில் உருவாக்கப்பட்டு, 2018இல் கூகுள் நிறுவனத்திடம் சென்ற இச்செயலி, இணையமும் ஜி.பி.எஸ்.-உம் இல்லாமலே வேலை செய்யும். இருப்புப்பாதை நெடுகிலும் கைப்பேசிக் கோபுரங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. எந்தக் கோபுரத்தின் அலை கைப்பேசியை எட்டுகிறது என்பதைப் பார்த்து, அந்தக் கோபுரம் எந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே உள்ளது என்று இச்செயலி கண்டுகொள்கிறது. வண்டிக்குள் இருப்பவர்க்குத்தான் இந்த வழி பயன்படும்; நடைமேடையில் காத்திருப்பவர்க்கு உதவாது.

இட்டார்சியைத் தாண்டியதும் சாத்பூரா மலைத்தொடர் வருகிறது. சுரங்கங்களும் காடுகளும் உள்ள அப்பகுதியில் கோபுரத்தின் அலை அறுந்து அறுந்து வரும். அப்போது செயலி பழைய இடத்தையே காட்டி நிற்கக்கூடும். அந்நேரத்தில் கடந்து செல்லும் நிலையத்தின் மஞ்சள் பலகையைப் படித்து ஊரை அறிவதே சரியான வழி. அதில் ஊர்ப்பெயரோடு கடல்மட்டத்திலிருந்து அவ்விடத்தின் உயரமும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

வாரங்கலில் பலகைகளில் தெலுங்கு எழுத்துகள் தோன்றும். கைப்பேசியின் ஒளிப்படக் கருவியை எழுத்தின் மேல் காட்டினால் மொழிபெயர்த்துச் சொல்லும் வசதி இன்று உண்டு. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011ஆம் ஆண்டு இடம்பெற்றது. இந்திய அரசின் பாஷிணி திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. வேண்டிய மொழிகளை முன்னரே பதிவிறக்கி வைத்தால், சில செயலிகள் இணையம் இல்லாதபோதும் மொழிபெயர்க்கும். உணவுப் பட்டியலையும் அறிவிப்புப் பலகையையும் படிக்க இவை பெரிதும் உதவும். பேச்சுக்கு வரும்போதுதான் கவனம் தேவை.

இந்தியில் 'கல்' என்னும் சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வாக்கியத்தின் வினையைக் கொண்டுதான் எது என்று அறிய வேண்டும். வினை இல்லாமல் "வண்டி கல்" என்று ஒருவர் சுருக்கமாகச் சொன்னால், செயலி ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும். இரண்டில் பாதி வாய்ப்பு பிழையாகும். இந்தி பேசும் ஊரில் வளர்ந்த மாணவர்க்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். வண்டியைத் தவறவிடுபவர்க்கு அப்படித் தோன்றாது. மரியாதைச் சொற்களிலும் இதே சிக்கல் எழுகிறது. இந்தியில் 'ஆப்', 'தும்' என்றும், தமிழில் 'நீங்கள்', 'நீ' என்றும் வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். செயலியில் ஆங்கிலத்தில் தட்டெழுதித் தமிழாக்கினால், எதிரில் இருப்பவர் பாட்டியா தோழியா என்பது அதற்குத் தெரியாது. "நீ எங்கே இறங்குவாய்?" என்று அது எழுதித் தந்ததைப் பக்கத்து இருக்கைப் பாட்டியிடம் அப்படியே படித்துக்காட்டினால், அவர் முகம் சுருங்கும். "பாட்டி, நீங்க எங்க இறங்குவீங்க?" என்று தமிழ் தெரிந்த பிள்ளை தானே கேட்டுவிடுவதே நல்லது. உச்சரிப்பு கொஞ்சம் பிசகினாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

பணம் செலுத்த, 2016இல் அறிமுகமான யு.பி.ஐ. முறை இன்று தேநீர்க் கடை வரை பரவியிருக்கிறது. அதில் மறைஎண் பணம் கொடுப்பதற்குத் தேவை; பணம் பெறுவதற்குத் தேவையே இல்லை. இந்த ஒரு விதியை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் பல ஏமாற்றுகளிலிருந்து தப்பலாம். நீக்கப்பட்ட பயணச்சீட்டின் பணத்தைத் திருப்பித் தருவதாக யாரோ அழைத்து, குறியீடு ஒன்றை அனுப்பி, மறைஎண்ணை இடச் சொன்னால், அது திருட்டு என்பதில் ஐயமில்லை. உண்மையான பணம், செலுத்திய கணக்குக்குத் தானே திரும்பிவிடும். பி.என்.ஆர். எண்ணையும் தொலைபேசி எண்ணையும் பொதுவெளியில் பதிவிட்டு உதவி கேட்பவர்களை இத்தகையோர் தேடிப் பிடிக்கிறார்கள். பணம் பறிபோனால் சற்றும் தாமதிக்காமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி இரண்டு நிமிடம் நிற்கும் நிலையத்தில், அலை இல்லாமல் திரை சுழன்றுகொண்டிருக்க, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு விற்பவர் காத்திருக்கும் நிலையும் வரும். சில்லறையாகச் சில நூறு ரூபாய் வைத்திருப்பவர்க்கு அந்தச் சங்கடம் இல்லை.

செயலியை எங்கிருந்து பெறுகிறோம் என்பதும் கருதத்தக்கது. அதிகாரப்பூர்வக் கடையிலிருந்து மட்டுமே நிறுவ வேண்டும். அங்கும் அதை வெளியிட்டவர் பெயரைப் பார்க்க வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தட்டி நிறுவக் கூடாது. வழிகாட்டும் செயலி இருப்பிடத்தைக் கேட்பது நியாயம். கைவிளக்குச் செயலி நம் தொடர்பு எண்களைக் கேட்டால், அதற்கு ஏன் அவை என்று எண்ணிப் பார்த்து மறுத்துவிடலாம்.

இவை அனைத்தும் ஒரு மின்கலத்தை நம்பியிருக்கின்றன. பவர் பேங்க் ஒன்று உடன் இருப்பது நல்லது. அதனினும் நல்லது, ஒரு தாளில் சிலவற்றை எழுதிப் பையின் உள்ளறையில் வைத்துக்கொள்வது: பெற்றோரின் எண், போய்ச் சேரும் இடத்து உறவினரின் எண், பி.என்.ஆர்., கல்லூரி முகவரி. பெற்ற தாயின் கைப்பேசி எண்ணை மனப்பாடமாகச் சொல்ல இன்று பலரால் இயல்வதில்லை. இரயில் பயணத்தில் எந்த உதவிக்கும் 139, எந்த அவசரத்துக்கும் நாடு முழுவதும் 112, பதினெட்டு வயது நிறையாதவர்க்கு 1098 ஆகிய எண்கள் உண்டு. இவற்றை அழைக்கச் செயலி எதுவும் வேண்டியதில்லை. பொத்தான் கைப்பேசியிலிருந்தும் அழைக்கலாம்.

இரண்டாம் நாள் விடியலுக்குப் பின் வண்டி சென்னை சென்ட்ரலை அடைகிறது. அதன் நிலையக் குறியீடு எம்.ஏ.எஸ்.; மதராசு என்று ஊர் அழைக்கப்பட்ட காலத்தின் எச்சம் அது. திருச்சிராப்பள்ளி வண்டியை இங்கேயே தேடிக்கொண்டு நின்றால் அதைத் தவறவிட நேரும். தெற்கு நோக்கிச் செல்லும் வண்டிகளுள் பெரும்பாலானவை எழும்பூரிலிருந்து புறப்படுகின்றன. அதன் குறியீடு எம்.எஸ். இரண்டும் அருகருகே உள்ளவை; மெட்ரோ வண்டியில் சென்ட்ரலுக்கு அடுத்த நிலையம்தான் எழும்பூர். சில வண்டிகளோ நகரின் தென்கோடியில் உள்ள தாம்பரத்திலிருந்து, அதாவது டி.பி.எம். என்னும் குறியீடுள்ள நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. 'சென்னை' என்று மட்டும் தட்டினால் செயலி இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும். ஆகவே சீட்டில் உள்ள குறியீட்டைப் படித்துவிட்டு, மெட்ரோவா புறநகர் வண்டியா என்பதை அவள் முடிவு செய்ய வேண்டும்.